தண்ணீரைத் தேடிப் புறப்படும் சாமிகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருப்பவன் வடக்கே நடந்தால் தென்பெண்ணையையும், தெற்கே நடந்தால் கெடிலத்தையும், கிழக்கே நடந்தால் தேவனாம்பட்டினத்துக் கடலையும் சென்றடைவான். மூன்று பக்கமும் நீர் இருக்கும் இந்த ஊரில் வளர்ந்ததாலோ என்னவோ, திருவிழா என்று யாராவது சொன்னால் ஊர்ச் சாமிகள் வரிசையாகத் தண்ணீரை நோக்கிப் போகும் சாலைதான் என் நினைவுக்கு முதலில் வருகிறது. சிதம்பரத்து ஆருத்ரா தரிசனத்தின் பெருமையையோ, திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் தேரின் பெருமையையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுக்கும், மாசி மகத்தன்று கடலுக்கும் சாமிகள் புறப்பட்டுப் போகும் இரண்டு விழாக்களைப் பற்றி, குறிப்பாக அவை போகும் வழியைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

ஆற்றுத் திருவிழா என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் பெரும்பாலும் ஆடிப்பெருக்கை நினைத்துக்கொள்கிறார்கள். ஆடிப்பெருக்கு காவிரிக் கரையின் விழா. வரப்போகும் புதுவெள்ளத்தை முன்னின்று வரவேற்பது. எங்கள் ஆற்றுத் திருவிழாவோ வெள்ளம் வந்து போன பிறகு வருவது. இந்தப் பகுதியில் தென்பெண்ணையும் கெடிலமும் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஓடுபவை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கரையை முட்டி ஓடி, மார்கழியில் தணிந்து, தை பிறக்கும்போது நடுநடுவே மணல் திட்டுகளைக் காட்டிக்கொண்டு, இறங்கிக் கடக்கக்கூடிய அளவுக்கு இளைத்துவிடுகின்றன. சம்பா அறுவடையில் ஒரு பங்கு முடிந்து, கையில் கொஞ்சம் பணமும் உடம்பில் கொஞ்சம் ஓய்வும் சேரும் காலமும் அதுவே. பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என மூன்று நாள் வீட்டிலும் தெருவிலும் கொண்டாடி முடித்து, ஒரு நாள் இளைப்பாறிய பிறகு, ஐந்தாம் நாளன்று, அதாவது ஜனவரி 18 அல்லது 19-ஆம் தேதி, சாமியையும் அழைத்துக்கொண்டு ஊரே ஆற்றுக்குப் போகிறது.

இந்த வழக்கம் கடலூரோடு நிற்பதில்லை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஏறக்குறைய 430 கிலோமீட்டர் ஓடி எங்கள் ஊருக்கு வடக்கே கடலில் கலக்கும் தென்பெண்ணையின் கீழ்ப்பாதி முழுவதிலும் அன்றைக்கு ஒரே கோலம்தான். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே மணலூர்பேட்டைக்கு வந்து ஆற்றில் தீர்த்தவாரி, அதாவது புனித நீராட்டு, காண்கிறார். அதே நாளில் விழுப்புரம் வட்டாரத்துக் கிராம தேவதைகள் தத்தம் துறைகளுக்கு வருகின்றன. ஆற்றின் கடைசி மடியில் இருக்கும் நாங்கள் எங்கள் மாரியம்மனையும் திரௌபதி அம்மனையும் பிள்ளையாரையும் கொண்டுபோய் இறக்குகிறோம். ஆகமப்படி பூசை நடக்கும் பெரிய சிவாலயத்தின் உற்சவரும், கூரைக் கொட்டகையில் இருந்து சென்ற தலைமுறையில்தான் காங்கிரீட் கோயிலுக்கு மாறிய எல்லையம்மனும் ஒரே ஆற்றில் ஒரே நாளில் நீராடுவதை வேறு எந்தத் திருவிழாவில் பார்க்க முடியும் என்று தெரியவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், புதுச்சேரி மாநிலத்தின் பாகூர்ப் பகுதி மக்களுக்கு இந்த நாளில் கூடுதல் உரிமை உண்டு என்று நான் கருதுவேன். சொர்ணாவூர் அணைக்கட்டில் பெண்ணையிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால்தான் பாகூர் ஏரியை நிரப்புகிறது. அந்த ஏரியை நம்பித்தான் அங்கே நெல்லும் கரும்பும் விளைகின்றன. சோரியாங்குப்பம், குருவிநத்தம் ஆகிய ஊர்களை ஒட்டிய மணலில் தை ஐந்தாம் நாள் பிற்பகலில் போய் நின்றால், எதிர்க்கரை தமிழ்நாடு, இந்தக் கரை புதுச்சேரி என்ற எண்ணமே எழாத அளவுக்கு இரண்டு பக்கத்துக் கூட்டமும் நடு ஆற்றில் கலந்துபோயிருக்கும். பெண் கொடுத்து எடுத்த உறவுகள் இரண்டு கரையிலும் உள்ளன. பொங்கல் சீர் கொடுக்கப் போக முடியாதவர்கள் ஆற்றுத் திருவிழாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் உண்டு.

சாமி ஆற்றுக்குப் போவது சொல்வதற்கு எளிது. அதற்குப் பின்னால் நடக்கும் வேலை பெரிது. மார்கழிக் கடைசியிலேயே ஊர்க்கூட்டம் போட்டுத் தலைக்கட்டு வரி எவ்வளவு என்று முடிவு செய்வார்கள். தலைக்கட்டு என்பது ஒரு குடும்பக் கணக்கு. மகன் தனிக்குடித்தனம் போய்விட்டால் அவன் தனித் தலைக்கட்டு. இந்த வரியைக் கொடுப்பவருக்குத்தான் சாமியின் மேல் உரிமை, கொடுக்காதவரின் வீட்டு வாசலில் தீபாராதனைக்குச் சாமி நிற்காது என்பது எழுதப்படாத சட்டம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள்கூட இந்தத் தொகையைத் தவறாமல் அனுப்பிவிடுவதற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், ஊர்க் கணக்கிலிருந்து பெயர் விழுந்துவிடக் கூடாது என்ற கவலை அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். வரிப் பணத்தில் பூ அலங்காரம், மேளம், வாணவேடிக்கை, வண்டி வாடகை எல்லாம் நடக்கும். முன்பு தோளில் சுமந்துபோன சாமி இப்போது பெரும்பாலும் டிராக்டரிலும் மினி லாரியிலும் போகிறது. இதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தோள் கொடுக்க வேண்டிய இளைஞர்கள் சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கும் காலத்தில் சாமி வீட்டிலேயே இருந்துவிடாமல் டிராக்டரில் ஏறிப் புறப்பட்டது நல்லதுதானே.

கரையை அடைந்ததும் தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ்ச் சாமியை இறக்கி வைக்கிறார்கள். உற்சவர் சிலையை ஆற்றில் இறக்குவதில்லை; சாமியின் ஆயுத வடிவத்தைத்தான் இறக்குகிறார்கள். சிவன் கோயிலானால் அஸ்திரதேவருக்கும், பெருமாள் கோயிலானால் சக்கரத்தாழ்வாருக்கும், அம்மன் கோயிலானால் சூலத்துக்கும் பால், மஞ்சள், சந்தனம் என்று அபிஷேகம் செய்து, குருக்களோ பட்டாச்சாரியாரோ பூசாரியோ அதைக் கையில் ஏந்தி இடுப்பளவு நீரில் இறங்கி மும்முறை முழுக்குவார். அந்த மூன்று முழுக்கின்போது கூடவே தாமும் முழுகிவிட வேண்டும் என்று கரையில் நிற்பவர்கள் அனைவரும் முண்டியடித்து இறங்குவார்கள். அந்த அரை நிமிடம்தான் சடங்கின் உச்சம். அதற்கு முன்னும் பின்னுமாக நாள் முழுவதும் நடப்பது சந்தை.

அந்தச் சந்தையைப் பற்றிச் சொல்லாமல் ஆற்றுத் திருவிழாவைச் சொன்னதாக ஆகாது. பொரி, மிட்டாய், வளையல், ராட்டினம் ஆகியவை எந்த ஊர்த் திருவிழாவிலும் உண்டு. இங்கே மட்டும் மணல் மீது சாக்கு விரித்துக் குவியல் குவியலாகக் கிழங்குகளைக் கொட்டியிருப்பார்கள்: பனங்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, இவற்றுக்கெல்லாம் மேலாகச் சுருளிக்கிழங்கு. ஆண்டின் மற்ற நாள்களில் கடைத்தெருவில் அரிதாகவே தென்படும் இந்தக் கிழங்கு, ஆற்றுத் திருவிழாவுக்கென்றே மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்படுவது போல அந்த ஒரு நாளில் எங்கிருந்தோ வந்து குவிந்துவிடும். அவித்துத் தோலை உரித்தால் வெள்ளையாக, மாவாக, மிக இலேசான இனிப்போடு இருக்கும். பெரிதாகச் சிலாகிக்கும்படியான ருசி அதில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் ஆற்றுக்குப் போய்விட்டுச் சுருளிக்கிழங்கு வாங்காமல் திரும்பினால் எங்கள் ஆயா வாசலிலேயே நிறுத்தி, சாமி பார்த்தாயா, இல்லை சும்மா ஊர் சுற்றிவிட்டு வந்தாயா என்று கேட்பார். புதிதாக மணமான பெண்ணின் பிறந்த வீட்டார் அந்த ஆண்டு மறக்காமல் கிழங்கு வாங்கிக் கொடுத்தனுப்புவதை இன்றும் காணலாம். நிலத்துக்கு மேல் விளைந்த நெல்லுக்கும் கரும்புக்கும் பொங்கலன்று நன்றி சொல்லியாயிற்று, நிலத்துக்கு அடியில் விளைந்ததற்கு ஐந்தாம் நாள் என்று யாரோ கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள் போலும். இது என் ஊகம்தான், சாத்திரம் இல்லை.

ஆறு எப்போதும் ஒத்துழைப்பதில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் ஊற்றுத் தோண்டி, அதில் சுரக்கும் நீரை மொண்டு அபிஷேகம் செய்து முடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீர் இருக்கும் ஆண்டுகளில் வேறு கவலை. மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கு அடியில் எங்கே இருக்கின்றன என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் அளவு நீரில் நடப்பவன் அடுத்த அடியில் ஆளையே மூழ்கடிக்கும் குழியில் இறங்கிவிடக்கூடும். ஆகவேதான் இப்போது கயிறு கட்டி, தீயணைப்பு வீரர்களை நிறுத்தி, இந்த இடத்துக்கு அப்பால் போகாதே என்று ஒலிபெருக்கியில் இடைவிடாமல் அறிவிக்கிறார்கள். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறந்துவிடப்பட்டபோது, பெண்ணையின் இரு கரைக் கிராமங்களிலும் பாகூர்ப் பகுதியிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. வழக்கமாக நாங்கள் சாமியை ஆற்றுக்கு அழைத்துப் போகிறோம்; அந்த ஆண்டு ஆறே சாமியைப் பார்க்க ஊருக்குள் வந்துவிட்டது என்று ஆல்பேட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

தையில் ஆறு என்றால் மாசியில் கடல். கும்ப ராசியில் சூரியன் நிற்க, சிம்ம ராசியில் மக நட்சத்திரத்தோடு சந்திரன் கூடும் பௌர்ணமியை ஒட்டிய நாள் மாசி மகம். பாவத்தால் கட்டுண்டு கடலுக்கு அடியில் கிடந்த வருணனைச் சிவபெருமான் விடுவித்த நாள் என்பது புராணம். கடலையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது வேறு வகையிலும் பொருந்துகிறது. பருவமழைக் காலத்துச் சீற்றம் அடங்கிக் கடல் நிதானத்துக்குத் திரும்பியிருக்கும் மாதம் மாசி. மூதாதையருக்குத் தர்ப்பணம் கொடுக்க அமாவாசைதான் உரியது என்று வழக்கமாகச் சொன்னாலும், அன்றைக்குக் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்களின் கூட்டத்துக்குக் குறைவிருக்காது.

புதுச்சேரியில் இதற்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அங்கே வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும் சாமிகளின் பட்டியலைக் கேட்டால், தொண்டை மண்டலத்தின் தென்பகுதியே எழுந்து வந்துவிட்டதோ என்று தோன்றும்: மயிலம் முருகன், தீவனூர்ப் பொய்யாமொழிப் பிள்ளையார், திண்டிவனம் சீனிவாசப் பெருமாள், செஞ்சி அரங்கநாதர், மேல்மலையனூர் அங்காளம்மன், இவற்றோடு நகரத்து மணக்குள விநாயகர் முதல் குப்பத்து அம்மன்கள் வரை. மயிலத்திலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மேல்மலையனூர் செஞ்சிக்கும் அப்பால் இருக்கிறது. இவ்வளவு தொலைவு வந்து கடற்கரையில் சில மணி நேரம் நிற்பதற்காகவா இத்தனை ஏற்பாடு என்று ஒருவர் கேட்டால், அவர் கடற்கரையை மட்டும் பார்த்தவர் என்று அறிந்துகொள்ளலாம். விழா நடப்பது அந்த முப்பது கிலோமீட்டரில்தான். எந்தெந்த ஊரில் எந்தெந்தக் குடும்பத்தின் மண்டகப்படி (வழியில் சாமியை நிறுத்திச் செய்யும் உபசாரம்), எந்தச் சத்திரத்தில் இரவுத் தங்கல், எந்தக் கடைவீதி வணிகர்களின் உபயம், எங்கே பானகம், எங்கே நீர்மோர், எங்கே புளியோதரை என்பவையெல்லாம் தலைமுறைகளாக முடிவு செய்யப்பட்டவை. தன் வீட்டு வாசலில் வழக்கமாகக் கால் மணி நேரம் நின்ற சாமி இந்த ஆண்டு ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிட்டால், அந்த வீட்டுக்காரர் அடுத்த மாசி வரை அதைச் சொல்லிச் சொல்லி வருந்துவார்.

வழியில் நின்று சாமிக்கு எதையாவது கொடுப்பதற்கு உரிமை பெற்றவர்கள் யார் யார் என்று பார்த்தால் சில அரிய செய்திகள் கிடைக்கும். கடலூர் மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், தானாகவே தோன்றியதாக வைணவர்கள் போற்றும் எட்டுத் தலங்களுள் ஒன்றான ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கிருந்து அவர் மாசி மகத்துக்காகச் சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளையை அடுத்த முழுக்குத்துறைக்கு எழுந்தருளுகிறார். கிள்ளையில் உள்ள தர்காவின் முன்பு பெருமாள் நிற்கிறார். தர்காவின் சார்பில் மாலையும் பட்டும் சாத்தி இசுலாமியர்கள் வரவேற்கிறார்கள். கோயில் தரப்பிலிருந்து பிரசாதம் தர்காவுக்கு அளிக்கப்படுகிறது. இதற்கென்று இரண்டு தரப்பிலும் மேடை போட்டு நல்லிணக்கம் பற்றி யாரும் பேசுவதில்லை. பெருமாள் அந்த வழியாக வருகிறார், வந்தவரை வரவேற்காமல் இருக்க முடியாது என்ற அளவில் அது நடந்து முடிந்துவிடுகிறது. செய்தித்தாள்காரர்கள் படம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் அதற்கு இவ்வளவு பெரிய பெயர்கள் சூட்டப்படுகின்றன.

புதுச்சேரி மாநிலத்தின் இன்னொரு துண்டான காரைக்காலில், திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்தன்று வருகிறார். மீனவர் குலத்தில் பிறந்த பத்மினியை அவர் மணந்துகொண்டார் என்பது தலவரலாறு. ஆகவே பட்டினச்சேரி மீனவர்களுக்கு அவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளை வருகிறார் என்று சொல்லித் தோளில் சுமந்து கொண்டாடுகிறார்கள். சிதம்பரத்தில் நடராசர் தேர் வீதி வலம் வரும்போது மீனவச் சமூகத்தவரான பருவதராஜ குலத்தார் பட்டு சாத்திச் சீர் செய்வதும் இதே கணக்கில்தான். அம்மன் அவர்கள் குலத்துப் பெண் ஆகிறாள். கருவறைக்கு அருகில் எந்த வரிசையில் நிற்பது என்ற கேள்வி வரும் இடத்தில் கடைசியில் நிறுத்தப்பட்ட ஒரு சமூகம், சாமி தெருவுக்கு வந்ததும் மாமனாராகவும் மைத்துனராகவும் முன்னால் வந்து நிற்கிறது. வழியில் நடப்பதுதான் விழா என்று நான் சொல்வதற்கு இதைவிட வலுவான சான்று என்னிடம் இல்லை. தேவனாம்பட்டினத்தில் மாசி மகக் கூட்டம் அலையில் இறங்கும்போது, இழுப்பு எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் மணல் சரியும் என்று பார்த்துச் சொல்லிக் கொண்டிருப்பவர்களும் மீனவ இளைஞர்களே. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அதே கரையைத் துடைத்துப்போட்ட பிறகும், அடுத்து வந்த மாசி மகங்களில் சாமியைக் கடலுக்கு அழைத்துப்போக அந்தக் குப்பத்தார் முன்நின்றார்கள் என்பதை இந்த ஊரார் அறிவார்கள்.

இவ்வளவு தாராளமாக நடக்கும் சாமி, நடக்க மறுக்கும் தெருக்களும் உண்டு. பல கோயில்களின் புறப்பாட்டுப் பாதையில் தலித் குடியிருப்புகள் இடம்பெறுவதில்லை. ஊர்த் தெருவின் முனை வரை வந்த சப்பரம் அங்கேயே திரும்பிவிடும். அந்த மக்கள் தேங்காய்ப் பழத் தட்டோடு முனைக்கு வந்து நின்று கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். கேட்டால் சந்து குறுகலானது, மின்கம்பி தாழ்ந்திருக்கிறது, பாதை முன்பே வகுக்கப்பட்டது என்று காரணங்கள் வரும். இதற்காக நம் மாவட்டங்களில் பேச்சுவார்த்தைகளும், வழக்குகளும், காவல்துறைப் பாதுகாப்போடு நடந்த புறப்பாடுகளும், எவருக்கும் வேண்டாம் என்று பூட்டப்பட்ட கோயில்களும் உண்டு. சில ஊர்களில் பாதை மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆற்றுத் திருவிழாவுக்குக் காலனி இளைஞர்கள் தங்கள் அம்மனைத் தனி டிராக்டரில், மற்ற எவருடையதையும் விடப் பெரிய அலங்காரத்தோடு கொண்டுவந்து, ஆற்று மணலில் எல்லாச் சாமிகளுக்கும் நடுவில் நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். ஆற்றுக்கு எந்தச் சாதியின் பாதையும் கிடையாது என்பதால் அங்கே அவர்களை நிறுத்துவார் இல்லை. ஆனால் ஊருக்குள் திரும்பும் வழியில் இரண்டு டிராக்டர்களும் இரண்டு முனைகளில் பிரிந்துவிடுகின்றன. பாதை பழைமையானது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடிவதில்லை. புறவழிச்சாலை வந்தபோதும், மேம்பாலம் கட்டியபோதும், ரயில்வே கேட்டை மூடியபோதும் அதே பாதையை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் மாற்றிக்கொண்டவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள்.

வேறு சில விழாக்களையும் விரைவாகத் தொட்டுவிடுகிறேன். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதை ஒவ்வொரு சித்திரையிலும் வண்டிப்பாளையத்தை ஒட்டிய கரையேறவிட்டகுப்பத்தில் நடத்திக் காட்டுகிறார்கள். இன்று அந்த இடம் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சடங்கு மட்டும் பழைய கரையை நினைவில் வைத்திருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி ஐந்தாம் வெள்ளியன்று ஓடும். வடம் பிடித்துத் தொடங்கிவைப்பது பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளுநரின் வேலையாக இருந்து, இப்போது துணைநிலை ஆளுநரின் வேலையாகத் தொடர்கிறது. ஆட்சி மாறியும் வடம் மாறவில்லை. வில்லியனூரில் வைகாசியில் திருக்காமீசுவரர் தேரும், ஈஸ்டருக்குப் பிறகு லூர்து மாதாவின் தேர்ப் பவனியும் ஒரே ஊர்க்காரர்களின் காலண்டரில் அடுத்தடுத்து வருகின்றன. மாதா கோயிலின் குளக்கரையில் மெழுகுவத்தி ஏற்றுபவர்களில் நெற்றியில் திருநீறு வைத்தவர்களும் உண்டு. தண்ணீர் இல்லாமல் இந்தப் பகுதியில் எந்த மதத்துத் திருவிழாவும் நிறைவு பெறுவதில்லை.

மாறுதல்களைப் பற்றியும் ஓரிரு சொல். புதிய விழாக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2023-இல் திருக்காஞ்சியில் சங்கராபரணி ஆற்றுக்குப் புஷ்கரணி விழா பெரிய அளவில் நடந்தது. படித்துறையும், மின்விளக்கும், மாலை ஆரத்தியும் காசியை நினைவூட்டும்படி அமைந்திருந்தன; கூட்டமும் திரண்டது. திருக்காஞ்சியில் மாசி மகத் தீர்த்தவாரி அதற்கும் முன்பிருந்தே நடந்துவருவதுதான். ஆரத்தி பார்க்க அழகாகத்தான் இருந்தது என்றாலும், எனக்கு அதில் ஏதோ குறைந்தது. யோசித்துப் பார்த்ததில், அங்கே நடந்து வந்த சாமிகளைவிட வந்து உட்கார்ந்த பார்வையாளர்களே மிகுதி என்பது புலப்பட்டது. இன்னொரு மாறுதல் ஓசை. பம்பையும் உடுக்கையும் நாகசுரமும் இருந்த இடத்தை டிராக்டருக்கு முன்னால் போகும் ஒலிபெருக்கி வண்டி பிடித்துக்கொண்டது. நெஞ்சுக்கூடு அதிரும் அந்தச் சத்தத்தில் சாமி வந்திருக்கிறது என்று வீட்டுக்குள் இருக்கும் பெரியவர்களுக்குத் தெரிவிக்கும் வழக்கமே நின்றுவிட்டது. முன்பெல்லாம் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டுத்தான் அம்மா தட்டில் கற்பூரத்தை எடுத்து வைப்பார். இப்போது மூன்று தெரு தள்ளி வரும்போதே அதிர்வதால் எப்போது வாசலுக்கு வரும் என்பது யாருக்கும் பிடிபடுவதில்லை. டிராக்டரை ஏற்றுக்கொண்ட நான் இதை ஏற்க மறுப்பது முரண்பாடு என்றால் இருக்கட்டும். டிராக்டர் சாமியைக் கொண்டுவருகிறது. இது சாமியை மறைக்கிறது. விழா முடிந்த மறுநாள் ஆற்று மணலில் கிடக்கும் பிளாஸ்டிக் கப்புகளையும் தெர்மாகோல் அலங்காரத் துண்டுகளையும் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு வேறு பதிவாகிவிடும்.

வரும் தையில் யாராவது பார்க்க விரும்பினால், என் யோசனை இது. காலை பத்து மணிக்கெல்லாம் கரைக்குப் போய் இடம் பிடிக்க வேண்டாம். அந்த நேரத்தில் அங்கே வெயிலும் கடைகளும்தான் இருக்கும். ஆற்றுக்குப் போகும் கிராமச் சாலை ஒன்றில், ஏதேனும் ஒரு மண்டகப்படிப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். யார் என்று கேட்காமலே கையில் ஒரு டம்ளர் மோரைக் கொடுத்துவிடுவார்கள். அடுத்து வரும் வண்டி எந்த ஊர்ச் சாமி, அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு, போன ஆண்டு எந்த வண்டி முன்னால் போவது என்று எப்படிச் சண்டை வந்தது, யார் சமாதானம் செய்தது என்பதையெல்லாம் பக்கத்தில் நிற்பவர் தாமாகவே சொல்லத் தொடங்குவார். மாசி மகத்துக்குப் போவதானால் வைத்திக்குப்பத்தின் நெரிசலைவிடக் கிள்ளைக்குப் போவதையே நான் சொல்வேன். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகும் பேருந்தில் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். ஆற்றுத் திருவிழாவுக்கு வருபவர்கள் கிழங்கை மதியத்துக்கு முன்பே வாங்கி விடுங்கள், மாலையில் நல்லவையெல்லாம் தீர்ந்து, பொடிக் கிழங்குதான் மிஞ்சும்.